கடைமடையில் நிலம் வாங்கலாமா? நாகப்பட்டினம் மாவட்டம் பற்றி ஒரு விரிவான பதில்

கேட்டவர் திருப்பூர் பக்கத்துக்காரர். தலைஞாயிறு அருகே பத்து ஏக்கர் நஞ்சை மலிவாக வருகிறது என்று தரகர் சொல்ல, சித்திரை வெயிலில் போய்ப் பார்த்திருக்கிறார். "நெற்களஞ்சியம் என்கிறார்கள். ஆனால் வயலெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. கொஞ்ச தூரம் தெற்கே போனால் மணல், அதற்கும் அப்பால் உப்பளம். இது டெல்டா தானா? நாகப்பட்டினம் மாவட்டம் மொத்தத்தில் எப்படிப்பட்ட இடம்?" என்பது அவர் கேள்வி. வாங்கலாமா வேண்டாமா என்று அவர் நேராகக் கேட்கவில்லை. ஆனாலும் கேள்விக்கு உள்ளே இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்: காவிரி பாயும் மண் என்று நம்பி வருகிறவனுக்கு இந்த மண் என்ன கொடுக்கும், என்ன கேட்கும்? வேளாண்மைத் துறையில் வேலை பார்த்த காலத்தில் பாதிக்கு மேல் கீழ்வேளூர், தலைஞாயிறு, வேதாரண்யம் வட்டாரங்களில் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மண், தண்ணீர், பயிர் பற்றி உறுதியாகப் பேசுவேன். கடலும் மீனும் என் துறை இல்லை. அதைப் பக்கத்து வீட்டுக்காரனாகப் பார்த்த அளவுக்குத்தான் தெரியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் இணையத்தில் படிக்கும் "நாகப்பட்டினம் மாவட்டம்" பெரும்பாலும் இப்போது இருக்கும் மாவட்டம் இல்லை. பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991 அக்டோபர் 18-ல் இது பிரிந்தது. 1997-ல் திருவாரூர் தனியாகப் போனது. 2020 டிசம்பர் 28-ல் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனபோது சீர்காழி, தரங்கம்பாடி, குத்தாலம் எல்லாம் அதோடு போய்விட்டன. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்துக்கு 16 லட்சத்துக்கு மேல் மக்கள் என்று படித்திருப்பீர்கள். அது பிரியாத மாவட்டத்தின் எண்ணிக்கை. இப்போது நாகப்பட்டினம், கீழ்வேளூர், திருக்குவளை, வேதாரண்யம் என்று நான்கே வட்டங்கள். இதில் விவசாயிக்கு முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. மயிலாடுதுறைப் பக்கம் நிலத்தடியில் நல்ல தண்ணீர் உண்டு. போர் போட்டு, ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்பே நாற்று விட்டுக் குறுவை என்ற குறுகிய கால நெல்லைச் செய்வார்கள். அந்தப் பகுதி பிரிந்த பிறகு மிச்சமிருப்பதில் பெரும்பங்கு சுத்தமான கடைமடை, அதாவது ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். எனவே பழைய புள்ளிவிவரத்தைப் பார்த்து "இரண்டு போகம், மூன்று போகம்" என்று யாராவது சொன்னால், எந்த வட்டம் என்று கேளுங்கள்.

கடைமடை என்ற சொல்லை மேற்கு மாவட்டக்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். மேட்டூரில் ஜூன் 12 அன்று அணை திறப்பது வழக்கம், ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். திறந்த தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். நாகை மாவட்டத்துக்கு வருவது பெரும்பாலும் வெண்ணாற்றுத் தண்ணீர். அது தென்பெரம்பூரில் ஒரு முறை பிரிந்து, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் இன்னொரு முறை பிரிந்து, வெட்டாறு, கடுவையாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு என்று விரல் விரலாகக் கடலை நோக்கி வருகிறது. வழியில் தஞ்சாவூர்க்காரர், மன்னார்குடிக்காரர், திருவாரூர்க்காரர் எல்லோரும் பாய்ச்சிய மிச்சம்தான் நமக்கு. வாய்க்கால் தூர்ந்திருந்தால், முறைப்பாசனம் (சில நாள் திறந்து சில நாள் அடைப்பது) வைத்தால், அல்லது மேட்டூரிலேயே இருப்பு குறைவாக இருந்தால் முதல் அடி கடைமடைக்கு. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் தொடர்ச்சியாக ஜூன் 12-ல் அணை திறக்க முடியவில்லை. 2020, 2021-ல் குறித்த நாளில் திறந்தார்கள். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உச்ச நீதிமன்றம் 2018-ல் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று முடிவு செய்துவிட்டது. அது சட்டம். ஆனால் அந்தத் தண்ணீர் எந்த மாதத்தில் எவ்வளவு வருகிறது என்பதில்தான் குறுவை பிழைப்பதும் சாவதும் இருக்கிறது.

அதனால்தான் நீங்கள் பார்த்த வயல் சித்திரையில் வெடித்துக் கிடந்தது. அது தரிசு இல்லை, ஒருபோகச் சம்பா நிலம். மழைக்காலத்தில் வளர்ந்து தையில் அறுக்கும் ஒரே ஒரு நெல் போகம். கீழ்வேளூரின் கிழக்குப் பகுதி, கீழையூர், தலைஞாயிறு வட்டாரங்களில் சம்பாதான் உயிர். ஆற்றுத் தண்ணீரை நம்பி நாற்றங்கால் விட முடியாது என்பதால் பலரும் நேரடி விதைப்புக்கு மாறிவிட்டார்கள். கோடையில் புழுதி உழவு ஓட்டி வைத்து, ஆவணி புரட்டாசியில் ஒரு மழை கிடைத்ததும் விதையைத் தெளித்து, அடுத்த மழையிலோ அதற்குள் வந்து சேரும் ஆற்றுத் தண்ணீரிலோ பயிரைப் பிடிக்க வைப்பார்கள். நட்ட பயிரை விடச் செலவு குறைவு, களை அதிகம். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை. இந்த மாவட்டத்தில் ஆண்டுக்கு 1300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. கோயம்புத்தூர் நகரத்து மழையைப் போல இரண்டு மடங்கு. ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்துக்குள் கொட்டி முடிந்துவிடும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் என் பதிலின் மையம். வெளியூர்க்காரர்கள் கடைமடையின் பிரச்சினை தண்ணீர் வராதது என்று நினைக்கிறார்கள். அது பாதிதான். வந்த தண்ணீர் போகாததுதான் மறுபாதி, பல வருஷங்களில் அதுதான் பெரிய பாதி.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கார்த்திகை மாதம், அடப்பாற்றுக் கரையில் ஒரு பெரியவரோடு நின்றுகொண்டிருந்தேன். நான்கு நாள் மழை. வயலும் வாய்க்காலும் ஆறும் ஒரே மட்டம். முப்பது நாள் பயிர் நுனி மட்டும் தெரிகிறது, சில வயலில் அதுவும் இல்லை. மழை விட்டு ஒரு நாள் ஆகியும் தண்ணீர் ஒரு விரற்கடை கூட இறங்கவில்லை. "வெயில் அடிக்குதே ஐயா, இன்னும் ஏன் வடியல?" என்று கேட்டேன். அவர் குனிந்து கையால் ஆற்றுத் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, கடல் இன்னும் வாங்கல" என்றார். அவர் நாக்கில் பட்ட தண்ணீர் லேசாகக் கரித்தது. கடல் ஏற்றமாக இருக்கிறது, கீழே இருந்து உப்புத் தண்ணீர் எதிர்த்து நிற்கிறது, மேலேயிருந்து வரும் வெள்ளத்துக்கு வழி இல்லை என்பதை அந்த ஒரு மிடறில் தெரிந்துகொண்டார். நான் அன்றைக்குக் கையில் வைத்திருந்த வழிகாட்டிப் புத்தகத்தில் இது இல்லை.

காரணம் எளிது. இந்த நிலம் கடல் மட்டத்தை விட மிகக் கொஞ்சமே உயரம். வாட்டம் இல்லாத ஆறு மெதுவாகத்தான் போகும். கோடையில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறாமல் தடுக்க ஆற்றின் கடைசியில் ரெகுலேட்டர்கள், அதாவது கதவு வைத்த தடுப்புகள், கட்டி வைத்திருக்கிறார்கள். அவற்றின் ஷட்டரைச் சரியான நேரத்தில் ஏற்றி இறக்க வேண்டும். ஒரு நாள் தாமதமாக ஏற்றினால் ஆயிரக்கணக்கான ஏக்கர் மூழ்கும், ஒரு நாள் தாமதமாக இறக்கினால் உப்பு ஏறும். வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டினால் வாட்டம் இன்னும் போய்விடும். ஒரு காலத்தில் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் இடையே உப்புத் தோணிகள் போன வேதாரண்யம் கால்வாய்தான் இன்று பல ஊர்களுக்கு வடிகால். அது தூர்ந்தால் வரிசையாகக் கிராமங்கள் நிற்கும். ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு 2016-க்குப் பிறகு அரிச்சந்திரா, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றை ஆழப்படுத்திக் கரை பலப்படுத்தும் வேலை நடந்தது. அதனால் பெரிய ஆறுகளில் நிலைமை தேறியிருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் ஆற்றிலிருந்து வயல் வரை உள்ள சின்ன வடிகால்களைத் தொடர்ந்து தூர்வாராமல் ஆற்றை மட்டும் வெட்டினால் பலன் பாதிதான். மழைக்காலத்தில் கலெக்டர் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் எத்தனை இந்தச் சின்ன வடிகால்களைப் பற்றியவை என்று பார்த்தால் நான் சொல்வது புரியும்.

அடுத்து உப்பு. இதில் உறுதியானது எது, ஊர்ப்பேச்சு எது என்று பிரித்துச் சொல்கிறேன். கடலோரத்திலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே வரை நிலத்தடி நீர் உப்பு என்பது உறுதி. அதனால் போர் போட்டு நெல் செய்யும் கனவை இங்கே விட்டுவிட வேண்டும். மண்ணில் இரண்டு கோளாறு உண்டு, இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறார்கள். உவர் என்பது கரையும் உப்பு சேர்ந்த மண். நல்ல தண்ணீர் விட்டு அலசி, வடியவிட்டால் போய்விடும். களர் என்பது சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்ட நிலை. அதற்குத்தான் ஜிப்சம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மாவட்டத்தில் 6000 பேருக்கு மேல் இறந்தார்கள். நாட்டிலேயே மிக அதிகமான சாவு இங்கேதான். கடல்நீர் புகுந்த வயல்களைப் பார்த்து "இனி பத்து வருஷம் புல்லும் முளைக்காது" என்று பெரிய பெரிய ஆட்கள் சொன்னார்கள். வண்டலை வழித்து எடுத்து, வரப்பு கட்டி, ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச்செடியை விதைத்து மடக்கி உழுதோம். ஆனால் நேர்மையாகச் சொன்னால், பெரும் வேலையைச் செய்தது 2005-ல் கொட்டிய வடகிழக்குப் பருவமழை. அந்த மழை அலசிய நிலங்களில் அடுத்தடுத்த பட்டத்திலேயே நெல் வந்தது. வடிகால் இல்லாத பள்ளங்களில்தான் உப்பு தங்கிவிட்டது. இங்கேயும் வடிகால் என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். சரி, "கடல் ஒவ்வொரு வருஷமும் உள்ளே வருகிறது" என்கிறார்களே? அணைகள் கட்டிய பிறகு ஆறு கொண்டுவரும் வண்டல் குறைந்துவிட்டது, கடலோரக் கிணறுகள் பல முன்பை விட உப்பாகிவிட்டன என்பதில் சந்தேகமில்லை. அதில் எவ்வளவு கடல் உயர்வதால், எவ்வளவு இறால் குட்டைகளால், எவ்வளவு ஆற்றுத் தண்ணீர் குறைந்ததால் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஒரே ஒரு காரணத்தைக் கைகாட்டிப் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம்.

இந்த மண்ணுக்கு ஏற்ற நெல்லை ஊர்க்காரர்களே முன்பு தேர்ந்து வைத்திருந்தார்கள். குழியடிச்சான், களர்பாளை இரண்டும் உப்பைத் தாங்கும். ஒட்டடையான் ஏழு மாதம் நிற்கும், தண்ணீர் ஏறினாலும் சேர்ந்து உயரும். இப்போது சம்பாவில் பெரும்பாலும் சி.ஆர்.1009, ஆடுதுறை 51 போன்றவை. சி.ஆர்.1009-ஐ இங்கே பொன்மணி என்பார்கள். அதிலேயே சில நாள் மூழ்கினாலும் பிழைக்கும் சப்-1 ரகம் வந்த பிறகு பள்ளத்து வயல்காரர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. களர் மண்ணுக்குத் திருச்சி ரகங்கள் உண்டு. நீங்கள் வாங்கும் நிலத்துக்கு எது என்பதை உங்கள் மண் பரிசோதனைதான் சொல்ல வேண்டும், நான் இங்கிருந்து சொன்னால் தப்பாகும்.

நெல்லுக்குப் பிறகு உளுந்தும் பச்சைப்பயறும். இதை ஒரு முறையாவது நேரில் பாருங்கள். தை மாதம் கதிர் முற்றி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். தண்ணீரை வடித்துவிட்டு, மண் மெழுகுப் பதத்துக்கு வந்திருக்கிறதா என்று கால் வைத்துப் பார்ப்பார்கள். கால் புதையவும் கூடாது, தடம் பதியாமல் இருக்கவும் கூடாது. அந்தப் பதத்தில், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்து எடுக்கும்போது அடியில் இரண்டு இலை விட்டிருக்கும். அதற்கு மேல் உழவு கிடையாது, பாசனம் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் மாசிப் பனியிலும் வளர்ந்து பங்குனிக்குள் காய்த்துவிடும். பல குடும்பங்களுக்கு நெல் கடனை அடைக்கும், உளுந்துதான் கையில் நிற்கும் காசு. அறுவடை இயந்திரம் வந்த பிறகு இது கெட்டுப்போனது. பெல்ட் வண்டி ஏறிய இடத்தில் முளைத்த உளுந்து நசுங்கிவிடுகிறது. ஆள் வைத்து அறுக்க ஆளும் இல்லை, கூலியும் கட்டாது. அறுத்த பின் விதைத்தால் ஈரம் போய்விடுகிறது. இதற்கு நல்ல தீர்வு இன்னும் வரவில்லை என்பதுதான் என் வருத்தம். அறுத்த நெல்லும் உடனே காசாகாது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பனிக்காலத்தில், கடல் காற்றில், சாலையில் கொட்டி எத்தனை முறை புரட்டினாலும் அந்த எண்ணுக்குக் கொண்டுவருவது சிரமம். தை மாதத்தில் ஒரு மழை வந்தால் குவித்த நெல் தார்ப்பாய்க்குள்ளேயே முளைத்துவிடும். ஏறத்தாழ ஒவ்வொரு வருஷமும் விதியைத் தளர்த்தச் சொல்லிக் கேட்பதும், மத்தியக் குழு வந்து பார்ப்பதும் இதனால்தான்.

தெற்கே பார்த்த மணலையும் உப்பளத்தையும் பற்றிக் கேட்டீர்கள். அது வேதாரண்யம், தனி உலகம். தலைஞாயிற்றிலிருந்து தெற்கே போகும்போது களிமண் மெதுவாக மணலாகும். கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், குரவப்புலம், தென்னம்புலம் என்று ஊர்ப் பெயர்கள் புலம் புலமாக வரும். பழைய கடற்கரை மணல்மேடுகள் அவை. வெளியிலிருந்து பார்த்தால் மணல், ஆனால் அதன் அடியில் மழைநீர் மிதந்து நிற்கும் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலம் உண்டு. சின்னக் குட்டை வெட்டி, குடத்தால் அள்ளி ஊற்றியே முல்லையும் புகையிலையும் கத்தரியும் வளர்த்த ஊர்கள் இவை. வேதாரண்யம் முல்லைக்குத் தனி மதிப்பு. விடியற்காலையில் குடும்பமே மொட்டுப் பறித்து முடித்துவிடும். மாவும் தென்னையும் முந்திரியும் சவுக்கும் நிறைந்திருந்தன. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது இரண்டு தலைமுறை மரங்கள் ஒரே இரவில் விழுந்தன. நெல் விழுந்தால் அடுத்த வருஷம் விதைக்கலாம். தென்னை விழுந்தால் ஐந்தாறு வருஷம் வருமானம் இல்லை. மறுநாள் நான் போனபோது ஒரு வீட்டு அம்மா, விழுந்த மாமரத்தின் அடித்தூரில் மஞ்சள் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் மகள் பிறந்தபோது வைத்த மரமாம். நட்ட ஈட்டுப் படிவத்தில் மரத்தின் வயதை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை.

உப்பும் அங்கேதான். அகத்தியம்பள்ளி, கோடியக்காடு, கடிநெல்வயல் பக்கம் உப்பளங்கள். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியான உற்பத்தி. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள் 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்து, 30-ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் உப்பெடுத்தார்கள். அவர்களுக்கு ஊரில் துணை நின்ற வேதரத்தினம் பிள்ளை பிறகு கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தை நிறுவினார். அது இன்றும் நடக்கிறது. அதற்கும் தெற்கே கோடியக்கரை. 1967-லிருந்து சரணாலயம், 2002-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வெளிமானும், குளிர்காலத்தில் பூநாரையும் பார்க்கலாம். விவசாயிக்கு அது சுற்றுலா இடம் மட்டும் இல்லை. அந்தக் காடும் சதுப்பும்தான் தெற்கிலிருந்து வரும் கடலுக்கு முதல் தடுப்பு.

இவ்வளவு தண்ணீர், மண், கோயில் இருந்தும் ஏன் செழிப்புத் தெரியவில்லை என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு இயற்கை மட்டும் காரணம் இல்லை, நிலம் யாரிடம் இருந்தது என்பதும் காரணம். கீழ்வேளூர் பக்கத்து ஆனைமங்கலத்தின் வருவாயைத்தான் முதலாம் இராஜராஜன், ஸ்ரீவிஜய மன்னன் நாகையில் கட்டிய சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்துக்குக் கொடுத்தான். லெய்டன் செப்பேடு என்று சொல்லப்படும் சோழர் செப்பேட்டில் இது இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இந்த நெல்லின் மேல் பெரிய கைகள் இருந்தன என்பதற்கு அது சாட்சி. பிற்காலத்தில் நிலம் வேலிக் கணக்கில் மிராசுதார்களிடமும் கோயில்களிடமும் மடங்களிடமும் குவிந்தது. உழுதவர்கள் பண்ணையாட்களாக இருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் கூலிக்காகப் போராட வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைபட்டு 44 பேர் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலியை உயர்த்திக் கேட்டதும் செங்கொடி பிடித்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். அதற்குப் பிறகுதான் 1969-ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதி இங்கேயே தங்கி, 1981-லிருந்து லாப்டி இயக்கத்தின் வழியாக நிலமற்ற பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். ஆனாலும் ஒரு குடும்பத்துக்கு மூன்று மா, ஆறு மா என்று இருக்கும் ஒருபோக நிலம் வருஷம் முழுக்கச் சோறு போடாது. (மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். இருபது மா ஒரு வேலி. உங்கள் தரகர் மா கணக்கில் பேசினால் விழிக்காதீர்கள்.) அதனால்தான் மாசிக்குப் பிறகு இளைஞர்கள் உங்கள் திருப்பூருக்கே வேலைக்கு வருகிறார்கள். உங்கள் ஊர் பனியன் கம்பெனிகளில் நாகைக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். கேட்டுப் பாருங்கள், பலருக்கும் ஊரில் கொஞ்சம் வயல் இருக்கும்.

1990-களின் தொடக்கத்தில் வந்த இறால் பண்ணைகளையும் சொல்லாமல் விட முடியாது. நெல்லை விடப் பல மடங்கு காசு என்று வயலைக் குட்டையாக்கினார்கள். பக்கத்து வயலில் உப்பு கசிந்தது. இதே ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. பிறகு 2005-ல் தனிச் சட்டம், பதிவு, நிபந்தனை என்று வந்து தொழில் தொடர்கிறது. முறையாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் நிலத்துக்குப் பக்கத்தில் இறால் குட்டை இருந்தால் நெல்லுக்கு வாங்காதீர்கள், இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. எண்ணெய் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாகூர் அருகே நரிமணத்தில் எண்ணெய் எடுக்கிறார்கள், பனங்குடியில் 1993-ல் சுத்திகரிப்பு ஆலை வந்தது. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கிறது. ஏற்கெனவே நடப்பவற்றை அது தொடவில்லை.

நகரத்தைப் பற்றிச் சுருக்கமாக. நாகப்பட்டினம் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறிய பழைய துறைமுகம். இப்போது மீன்பிடிதான் பெரிது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை, அந்த 61 நாள் அக்கரைப்பேட்டை அமைதியாக இருக்கும். நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் சிக்கல் முருகனுக்கும் வரும் கூட்டம்தான் ஊருக்கு இன்னொரு வருமானம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்து வருகிறவர்களால் சாலை ஓரமெல்லாம் காவியாக இருக்கும். 2023 அக்டோபரில் நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள், நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. ஒரத்தூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளிக்கு 2023 ஏப்ரலில் அகலப்பாதையில் ரயில் திரும்ப வந்தது. நீங்கள் குடிவர நினைத்தால் இதெல்லாம் முன்னைவிட நல்ல காலம்தான்.

இப்போது உங்கள் பத்து ஏக்கர். விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு என்பதை மேலே சொன்னதிலிருந்து புரிந்துகொண்டிருப்பீர்கள். அதற்காக வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று பார்ப்பதோடு நிற்காமல் அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகை, உரிமை எழுதிய கிராமப் பதிவேடு) அடங்கலையும் (சாகுபடிக் கணக்கு) பாருங்கள். இங்கே கோயில் நிலம், மடத்து நிலம் நிறைய. குத்தகைதாரர் ஒருவர் சாகுபடியில் இருந்தால் 1955-லிருந்து சட்டம் அவரைப் பாதுகாக்கிறது. அது நியாயமானதும் கூட. அவரை எழுப்பிவிட்டுத் தருகிறேன் என்று தரகர் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். பாசன வாய்க்கால் எது என்று எல்லோரும் காட்டுவார்கள். நீங்கள் வடிகால் எது என்று கேளுங்கள். அது எந்த ஆற்றில் போய் விழுகிறது, நடுவில் யாராவது அடைத்திருக்கிறார்களா என்று கடைசி வரை நடந்து பாருங்கள். சித்திரையில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஐப்பசி கடைசியில், இரண்டு நாள் மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் வாருங்கள். வரப்பில் ஒரு குச்சி நட்டுத் தண்ணீர் மட்டத்தில் கோடு போட்டுவிட்டு, தலைஞாயிறு கடைத்தெருவில் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் மறுபடி போய்ப் பாருங்கள். கோடு தண்ணீருக்கு மேலே நான்கு விரல் நின்றால் விலை பேசுங்கள்.